கல்குவாரிக்கு நீதிமன்றத் தடை வாங்குவது எப்படி: ஊர்க்காரர்களுக்கான முழு வழிகாட்டி

குவாரிக்கு எதிராக வழக்குப் போட வரும் ஊர்க்காரர்கள் முதலில் நீட்டுவது செல்போன் வீடியோவைத்தான். வெடி வெடிக்கிறது, புழுதி கிளம்புகிறது, பின்னால் யாரோ "பாருங்கய்யா இந்த அநியாயத்த" என்று கத்துகிறார். வக்கீல் அதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரி, குத்தகை உத்தரவு நகல் இருக்கா?" என்று கேட்பார். பெரும்பாலும் இருக்காது. அன்றைக்கு எல்லோரும் பஸ் ஏறித் திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் பயணம் வீணாகாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் கல்குவாரி, கிராவல் குவாரி, கிரஷர் பக்கத்தில் வாழ்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. வழக்கை நடத்த வக்கீல் கட்டாயம் வேண்டும். ஆனால் அவரிடம் போகும்போது நீங்கள் எவ்வளவு தயாராகப் போகிறீர்களோ அந்த அளவுக்குத்தான் அவராலும் வேகமாக ஓட முடியும்.

கேட்பது எந்தத் தடை?

ஊரில் எல்லாவற்றுக்கும் 'ஸ்டே' என்றே பெயர். நீதிமன்றத்தில் அது மூன்று விதம். உரிமையியல் நீதிமன்றம் ஒருவரைப் பார்த்து 'இதைச் செய்யாதே' என்று சொன்னால் அது உறுத்துக்கட்டளை. கலெக்டர் கொடுத்த குத்தகை உத்தரவையோ சுற்றுச்சூழல் அனுமதியையோ உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தால் அது இடைக்காலத் தடை. மூன்றாவது, 'இப்போதுள்ள நிலையே தொடரட்டும்' என்ற உத்தரவு. இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் குவாரிக்கு இப்போதுள்ள நிலை என்றால் ஓடிக்கொண்டிருப்பதுதானே? அந்த உத்தரவைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு மறுநாளே லாரி ஓட்டுவார்கள். அதனால் உங்கள் கோரிக்கையில் 'வெடி வைப்பது, கல் வெட்டுவது, கனிமத்தை வெளியே கொண்டு செல்வது ஆகியவற்றை நிறுத்த வேண்டும்' என்று செயலைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதல் வேலை: காகிதம் சேர்ப்பது

மொத்த வழக்கில் முக்கால்வாசி இதுதான். ஒரு குவாரி சட்டப்படி ஓட வேண்டுமானால் குறைந்தது இவை இருக்க வேண்டும்: கலெக்டரின் குத்தகை உத்தரவு, கனிமவளத் துறை ஒப்புதல் கொடுத்த சுரங்கத் திட்டம், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைகள், வெடிமருந்துக்கான உரிமம், லாரிக்கு நடைச்சீட்டு (கனிமத்தை ஏற்றிச் செல்ல ஒவ்வொரு நடைக்கும் கொடுக்கும் அனுமதிச் சீட்டு). இதில் ஏதோ ஒன்று இல்லை, அல்லது காலாவதி ஆகிவிட்டது, அல்லது அதில் போட்ட நிபந்தனையை மீறியிருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் வழக்கில் பாதி ஜெயித்த மாதிரி.

ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று ஒரு காலத்தில் இருந்தது. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்தது. இப்போது சின்னக் குவாரிக்கும் அனுமதி வேண்டும். அதிலும் ஒரு ஓட்டை உண்டு. ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால்தான் முழு ஆய்வும் மக்கள் கருத்துக்கேட்பும் என்பதால், 4.90, 4.95 ஹெக்டேர் என்று குத்தகையைத் துண்டு போட்டு வாங்குவார்கள். ஆனால் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் உள்ள குவாரிகளைத் தொகுப்பாகக் கணக்கிட்டு, மொத்தப் பரப்பைத்தான் பார்க்க வேண்டும். பக்கத்துக் குவாரிகளின் சர்வே எண்களையும் பரப்பையும் சேர்த்து எழுதி வையுங்கள். ஆயிரம் வீடியோவைவிட அந்த ஒரு தாள் பெரிசு.

சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதங்களை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். மற்றதெல்லாம் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி, மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று எனத் தனித்தனியாக அனுப்புங்கள். 'குவாரி பற்றிய எல்லா விவரமும் வேண்டும்' என்று கேட்டால் எதுவும் வராது. 'சர்வே எண் இன்னதில் கொடுத்த குத்தகை உத்தரவின் நகல், கடந்த மூன்று ஆண்டுகளில் மாதவாரியாக வழங்கிய நடைச்சீட்டுகளின் எண்ணிக்கை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை குத்தகைதாரர் தாக்கல் செய்ய வேண்டிய நிபந்தனை இணக்க அறிக்கை, கடைசியாக நடந்த கள ஆய்வின் அறிக்கை' என்று துண்டு துண்டாகக் கேட்க வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. பதில் வரவில்லை என்பதும் வழக்கில் ஒரு சான்றுதான்.

நடைச்சீட்டுக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அனுமதித்த அளவு எவ்வளவு, குழியின் நீள அகல ஆழம் எவ்வளவு, சீட்டுப் போட்டு வெளியே போனது எவ்வளவு? மூன்றையும் ஒப்பிட்டால் கள்ளத்தனம் தானே வெளியே வரும். இப்படி அனுமதி இல்லாமல் எடுத்த கனிமத்தின் முழு மதிப்பையும் வசூலிக்கலாம் என்று, ஒடிசா இரும்புச் சுரங்கங்கள் பற்றிய காமன் காஸ் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்து தூரம். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-ன் 36-வது விதி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை கொடுக்கக் கூடாது என்கிறது. தேசியப் பூங்கா, வனவிலங்குச் சரணாலயம் இவற்றின் உள்ளேயும் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம், 'அ' பதிவேடு, அடங்கல் நகல்கள் வாங்கி, குவாரி எல்லையிலிருந்து நத்தம் வரை, கண்மாய் வரை, பள்ளிக்கூடம் வரை எவ்வளவு என்று குறியுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: வருவாய் ஆவணத்தில் நத்தமாகவோ அங்கீகரித்த மனையாகவோ இல்லாத தோட்டத்து வீட்டை, 'இது குடியிருப்பே அல்ல' என்று எதிர்த் தரப்பு வாதாடும். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

பாதிப்புக்கான சான்றுகளை ஒரே நாளில் திரட்ட முடியாது. விரிசல் விட்ட சுவரைத் தேதியோடும் இடக்குறியோடும் படம் எடுங்கள். அதே சுவரை மாதாமாதம் எடுங்கள். கிணற்று நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் எழுதுங்கள். வெடிச் சத்தம் கேட்ட நேரம், லாரி எண்கள், புழுதி படிந்த பயிர் எல்லாம் அதே நோட்டில் வரட்டும். செயற்கைக்கோள் படங்களில் பழைய ஆண்டுகளுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கும் வசதி கணினியில் இருக்கிறது. 2015-ல் மலை, இப்போது பள்ளம் என்பதை நீதிபதி ஒரே பார்வையில் புரிந்துகொள்வார். செல்போன் படங்களைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். வக்கீலுக்கு நினைவுபடுத்துங்கள்.

கிராம சபைத் தீர்மானத்தைப் பற்றி ஊரில் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. தீர்மானம் போட்டால் குவாரி நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். ஒடிசாவின் நியமகிரி மலையில் 2013-ல் பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றதும் திட்டம் நின்றது உண்மைதான். அங்கே வன உரிமைச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. சமவெளிக் கிராமத்தில் அதே பலம் கிடைக்காது. ஆனாலும் தீர்மானம் போடுங்கள். தனிப் பகையால் வந்த வழக்கு அல்ல, ஊரே சொல்கிறது என்பதற்கு அது சாட்சி. மதுரை அரிட்டாபட்டிப் பகுதி டங்ஸ்டன் ஏலத்தை 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தது நினைவிருக்கும். அங்கே கிராம சபைத் தீர்மானங்களும் மக்கள் திரண்டதும் சட்டமன்றத் தீர்மானமும் சேர்ந்துதான் அழுத்தம் கொடுத்தன. எல்லாப் போராட்டமும் கோர்ட்டில்தான் முடிய வேண்டும் என்றில்லை.

ஆதாரம் எடுக்கத் தனியாகப் போகாதீர்கள், குவாரிக்குள் இறங்காதீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே கனிமக் கொள்ளை பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்து வந்த ஒருவர் 2025 ஜனவரியில் லாரி மோதி இறந்தார். காவல்துறை அதைக் கொலை வழக்காகப் பதிவு செய்தது. மனுவில் ஒருவர் பெயருக்குப் பதில் ஐந்தாறு பேர் பெயர் இருப்பது நல்லது. மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கோரிக்கை மனு: சின்ன வேலை, பெரிய அவசியம்

அதிகாரியிடம் கேட்டேன், அவர் செய்யவில்லை என்று காட்டினால்தான் உயர் நீதிமன்றம் அவரைச் செய்யச் சொல்லி உத்தரவிடும். எனவே கலெக்டர், கனிமவள உதவி இயக்குநர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) நால்வருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் மனு போடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் கிடைக்கும் ரசீதும் செல்லும். மனு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த விதி, எந்த நிபந்தனை மீறப்பட்டது என்பது அதில் இருக்க வேண்டும். வசவு எதுவும் வேண்டாம். அந்தத் தாளும் பின்னால் நீதிபதி கைக்குப் போகும்.

ஆனால் மனு மேல் மனு போட்டுக்கொண்டே காலத்தை விட்டுவிடாதீர்கள். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

எந்த வாசல்?

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி இல்லை, நிபந்தனை மீறல், நீர் மாசு, காற்று மாசு என்றால் இதுதான் நேரான இடம். நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். தீர்ப்பாயம் கூட்டுக் குழு அமைத்துக் களத்துக்கு அனுப்பும். அது நமக்குப் பெரிய பலம். தீர்ப்பாயச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி இடைக்கால உத்தரவும் போடும்.

கெடுவில்தான் சிக்கல். அதே சட்டத்தின் 14-வது பிரிவின் கீழ் வரும் மனுவை, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். போதிய காரணம் சொன்னால் இன்னும் 60 நாள். கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்ப்பதானால் 30 நாள், கூடப்போனால் இன்னொரு 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் கதவு சாத்தியதுதான். நஷ்டஈடு, இடத்தைச் சீரமைப்பது ஆகியவற்றுக்கு மட்டும் ஐந்து ஆண்டு. தகவல் உரிமை மனுவுக்கு ஒரு மாதம், மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம், கலெக்டர் பதிலுக்கு மூன்று மாதம் என்று காத்திருந்தால் கெடு போய்விடும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.

இன்னொன்று. தீர்ப்பாயத்தின் பட்டியலில் ஏழு சட்டங்கள்தான் உள்ளன. கனிமச் சட்டமும் வனவிலங்குச் சட்டமும் அதில் இல்லை. 'குத்தகையே சட்டவிரோதம், 300 மீட்டர் விதியை மீறிக் கொடுத்தார்கள், கலெக்டர் கண்டுகொள்ளவில்லை' என்பது உங்கள் முக்கியக் குறை என்றால் உயர் நீதிமன்றம்தான் சரி. அரசியல் சாசனத்தின் 226-வது உறுப்பின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனு. மதுரை, திருச்சி, கரூர் தொடங்கிக் கன்னியாகுமரி வரை உள்ள தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை, மற்றவர்களுக்குச் சென்னை. 'தீர்ப்பாயம் இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள்' என்று முதல் நாளே கேட்பார்கள். தீர்ப்பாயம் வந்ததால் உயர் நீதிமன்றத்தின் 226 அதிகாரம் போய்விடவில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்விக்குத் தீர்ப்பாயத்தில் ஏன் முழு விடை கிடைக்காது என்பதை மனுவிலேயே ஒரு பத்தியில் எழுதிவிடுவது நல்லது.

வரப்பை வெட்டினார்கள், பாதையை மறித்தார்கள், வெடியில் என் வீடு விரிசல் விட்டது என்று தனி மனிதச் சேதம் மட்டும் என்றால் முன்சீப் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கேட்கலாம். அரசையும் சேர்த்தால் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவசரம் என்றால் விலக்குக் கேட்கலாம். கிரஷர் புழுதி ஊரையே மூடுகிறது என்றால் ஆர்.டி.ஓ.விடம் பொதுத் தொல்லைக்கான மனு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 152. அதிகம் பேர் பயன்படுத்தாத, செலவில்லாத வழி.

அரசியல் சாசனத்தை எப்படிச் சொல்வது

21-வது உறுப்பு உயிர் வாழும் உரிமை. மாசில்லாத நீரும் காற்றும் அதில் அடக்கம் என்று சுபாஷ் குமார் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுற்றுச்சூழலைக் காப்பதில் 48-அ அரசின் கடமை, 51-அ(எ) குடிமகனின் கடமை. இரண்டும் 1976-ல் சேர்த்தவை. இவற்றை மேற்கோள் காட்டாத குவாரி வழக்கே கிடையாது. அதனாலேயே இவற்றை மட்டும் சொன்னால் நீதிபதி தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். '21-வது உறுப்பு மீறப்பட்டது' என்ற வரிக்கு நேர் கீழே 'அனுமதிக் கடிதத்தின் இன்ன நிபந்தனை எல்லையிலிருந்து 7.5 மீட்டர் விடச் சொல்கிறது, ஒரு மீட்டர்கூட விடவில்லை, படம் பக்கம் 43' என்று வர வேண்டும்.

நமக்கு உண்மையிலேயே கைகொடுப்பது வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் வந்த 1996 தீர்ப்பு. முன்னெச்சரிக்கைக் கொள்கை (கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்பது) இந்தியச் சட்டத்தின் பகுதி என்றும், கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் செய்கிறவருடையது என்றும் அது சொல்கிறது. நிலத்தடி நீர் வற்றியதற்கு குவாரிதான் காரணம் என்று ஒரு விவசாயி அறிவியல்படி நிரூபிப்பது எப்படி? இந்தத் தீர்ப்பு அந்தச் சுமையை அவர் தோளிலிருந்து இறக்குகிறது. டேராடூன் சுண்ணாம்புக்கல் குவாரிகளையும் மறக்க வேண்டாம். 1983-ல் வந்த ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1985-ல் பல குவாரிகளை மூடச் சொன்னது உச்ச நீதிமன்றம். முதலீடும் வேலைவாய்ப்பும் போகுமே என்ற வாதம் அங்கேயும் வந்தது.

குவாரியை ஓட்டிவிட்டுப் பின்தேதியில் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கலாமா என்பதில் சட்டம் இன்னும் அலைபாய்கிறது. 2025 மே மாதம் கூடாது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், நவம்பரில் பெரும்பான்மையோடு அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. உங்கள் வழக்கு இதையே நம்பி நிற்கிறது என்றால் தாக்கல் செய்யும் வாரத்தில் நிலைமை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மனு எழுதுவது

பிரமாணப் பத்திரத்தில் நீங்கள் யார், உங்கள் நிலமும் வீடும் எங்கே, குவாரி எப்போது வந்தது, என்ன மீறல், யாரிடம் மனு கொடுத்தீர்கள் என்று தேதி வரிசையில் வரட்டும். பொதுநல மனு என்றால் இதில் சொந்த ஆதாயம் இல்லை, செலவு என்னுடையது என்று உறுதி சொல்ல வேண்டும். உங்கள் மேல் பழைய வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். எதிர்த் தரப்பு அதைக் கண்டுபிடித்து, 'போட்டிக் குவாரிக்காரன் தூண்டிவிட்டான்' என்ற கதையோடு சேர்த்துச் சொல்லும். உண்மையிலேயே போட்டிக் குவாரிக்காரர் செலவுக்குப் பணம் தர முன்வந்தால், வாங்காதீர்கள். வழக்கு அங்கேயே செத்தது.

குத்தகைதாரரை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் விடவே கூடாது. அரசை மட்டும் சேர்த்து வாங்கிய தடையை, 'என்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள்' என்று அவர் வந்து எளிதாக உடைப்பார். தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து டைப்டு செட்டில் (மனுவோடு தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்பு) வைக்க வேண்டும். இதற்கே ஒரு வாரம் பிடிக்கும்.

இனி கோரிக்கை. எத்தனையோ குவாரி வழக்குகள் 'மனுவைப் பரிசீலித்து பன்னிரண்டு வாரத்தில் முடிவெடுக்கவும்' என்று கலெக்டருக்குச் சொல்லி முடிந்துபோகின்றன. ஊரில் பட்டாசு வெடிப்பார்கள், குவாரியிலும் வெடி வெடிக்கும். கோரிக்கை மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள் என்று மட்டும் கேட்டால் அது மட்டும்தான் கிடைக்கும். குத்தகை உத்தரவை ரத்து செய்யக் கேளுங்கள். அதோடு இடைக்காலத் தடைக்கென்று தனித் துணை மனு போடுங்கள். தடை கிடைக்காவிட்டால் வழக்கறிஞர் ஆணையரையோ நிபுணர் குழுவையோ அனுப்பி நேரில் பார்க்கச் சொல்லுங்கள் என்று இரண்டாவது கோரிக்கையும் இருக்கட்டும். மதுரை கிரானைட் விவகாரத்தில் 2014-ல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை சட்ட ஆணையராக நியமித்த பிறகுதான் பல விஷயங்கள் வெளியே வந்தன.

பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெறலாம். மனுதாரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யோசியுங்கள்.

தடை கேட்கும் நாள்

நீதிபதி மனதில் மூன்று கேள்வி இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் வழக்கில் சரக்கு இருக்கிறதா? நிறுத்தினால் யாருக்கு அதிக சிரமம்? நிறுத்தாவிட்டால் ஈடுசெய்ய முடியாத இழப்பு வருமா? எதிர்த் தரப்பு, பணம் கட்டியிருக்கிறோம், இயந்திரத்துக்கு வங்கிக் கடன் இருக்கிறது, நூறு பேர் வேலை பார்க்கிறார்கள், நெடுஞ்சாலைக்கு ஜல்லி போக வேண்டும் என்று சொல்லும். அதெல்லாம் பொய்யும் அல்ல. நம் பதில்: தடையால் கல் எங்கும் ஓடிப்போகாது. வழக்கில் அவர்கள் ஜெயித்தால் ஆறு மாதம் கழித்து எடுத்துக்கொள்ளலாம், அரசுக்கு வர வேண்டிய தொகையும் வரும். நாங்கள் ஜெயிக்கும்போது மலை இருக்காது.

எதிர்த் தரப்பு முன்கூட்டியே கேவியட் ('எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்ற மனு) போட்டிருந்தால் அவர்களைக் கேட்காமல் தடை கிடைக்காது. கேட்காமலே கிடைத்த தடையை நீக்க அவர்கள் மனுப் போட்டால், 226(3)-ன்படி இரண்டு வாரத்தில் அதை முடிக்க வேண்டும். முடியாவிட்டால் தடை தானாகவே விழுந்துவிடும் என்று அந்த உறுப்பு சொல்கிறது. தடை வாங்கிய களிப்பில் வக்கீலை மறந்துவிடாதீர்கள். அந்த இரண்டு வாரம்தான் முக்கியம்.

உத்தரவு கைக்கு வந்த பிறகு

சான்றிட்ட நகலை கலெக்டர், உதவி இயக்குநர், தாசில்தார், காவல் ஆய்வாளர், குத்தகைதாரர் எல்லோருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 'எனக்கு உத்தரவே வரவில்லை' என்பதுதான் முதல் சாக்கு. இரவில் லாரி ஓடினால் எண், நேரம், படம், உடனே எழுத்துப் புகார். நீங்களே லாரியை மறிக்க வேண்டாம். மறித்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். ஆதாரம் சேர்ந்ததும் நீதிமன்ற அவமதிப்பு மனு. அதற்கு ஒரு வருடம்தான் கெடு.

தடை கிடைக்கவில்லை என்றால் தனி நீதிபதி உத்தரவின் மேல் முப்பது நாளில் மேல்முறையீடு செய்யலாம். தீர்ப்பாய உத்தரவு என்றால் உச்ச நீதிமன்றத்துக்குத் தொண்ணூறு நாள். தடை மறுத்ததோடு வழக்கு முடிந்துவிடாது, முதன்மை மனு நிலுவையில் இருக்கும். அந்தக் காலத்தில் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

இறுதியாக ஜெயித்தாலும் ஒரு வேலை பாக்கி. நின்றுபோன குவாரிக் குழியில் தண்ணீர் தேங்கி, குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். குத்தகையை ரத்து செய்யக் கேட்கும் அதே மனுவிலேயே, குழியைச் சுற்றி வேலி போட்டு, சுரங்க மூடல் திட்டப்படி சீரமைக்க வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள்.